பாலஸ்த்ரீனா பாட்டு கற்றது எங்கே, யாரிடம்?

பெரம்பூர் டெனர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூர் பக்கம் ஒரு பங்குக் கோயில் கொயரில் (பாடகர் குழுவில்) டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறேன். பகலில் ரயில்வே வேலை, மாலையில் பாட்டு. வருகிற பாஸ்கா இரவுக்குப் 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனாவின் 'சிகூத் செர்வுஸ்' பாடுவது என்று எங்கள் மாஸ்டர் முடிவெடுத்துவிட்டார். மான் நீரோடையைத் தேடுகிற அந்தத் திருப்பாடல்தான். லத்தீன், நான்கு குரல், கீபோர்டு கிடையாது, ரிதம் பேட் கிடையாது. எங்களுக்கு இது புதுசு. கீபோர்டுக்காரர் அழுத்துகிற கார்டை (ஒன்றாக ஒலிக்கிற சுரக்கூட்டை) நம்பியே இதுவரை பிழைத்தவர்கள் நாங்கள்.

இந்தப் பாட்டில் டெனர்தான் முதலில் தனியாக ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பயத்திலேயே வீட்டில் திரும்பத் திரும்பப் பாடினேன். பாடப் பாட ஒன்று தெரிந்தது. எந்த இடத்திலும் தொண்டை இறுகவில்லை. மேலே ஒரு தாவு தாவினால் அடுத்து படிப்படியாகக் கீழே இறக்கிவிடுகிறார். மூச்சு தீருகிற இடத்தில் வரியும் முடிகிறது. ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிற அக்காவும் இதையே சொன்னார். வழக்கமாக ஆல்டோவுக்கு ஒரே சுரத்தைத் தேய்க்கிற வேலைதான் கிடைக்கும். இதில் அவருக்கும் ஒரு முழுப் பாட்டு இருக்கிறது.

இன்னொரு பக்கம் நான் தியரி கிரேடு பரீட்சைக்குப் படிக்கிறேன். கவுண்டர்பாயின்ட், அதாவது ஒரு வரிக்கு எதிரே இன்னொரு குரல் வரி கட்டுகிற பயிற்சியில் ஒரு சுரத்துக்கு எதிரே ஒரு சுரம், ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு நான்கு என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். 'இதுதான் பாலஸ்த்ரீனா முறை' என்று சொல்லித் தருகிறார்கள். நான் எழுதினால் கணக்கு சரியாக வருகிறது, பாட்டு வரவில்லை.

என் கேள்வி இதுதான். அவரும் சின்ன வயதில் இப்படி நோட்டில் எழுதித்தான் கற்றாரா? குரு யார்? ஓரிடத்தில் கூடிமெல் என்று போட்டிருக்கிறது. இன்னோரிடத்தில், ரோம் தெருவில் காய்கறி விற்றபடி பாடிக்கொண்டு போன பையனை ஒரு கோயில் மாஸ்டர் கேட்டுவிட்டுக் கூட்டிப்போனார் என்று இருக்கிறது. 25 வயதிலேயே வத்திக்கானில் வேலை கிடைத்தது என்கிறார்களே, அதெல்லாம் உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வேப்பேரி டீச்சர் எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் காய்கறிக் கதையைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அவர் போய் வெகுகாலம் கழித்துக் கிளம்பிய கதை அது. கூடிமெல் விஷயமும் அப்படித்தான். வேப்பேரியில் ஒரு பள்ளியில் பல வருடம் பியானோவும் தியரியும் சொல்லிக்கொடுத்தவள் நான். என் கையில் இருந்த பழைய புத்தகத்திலேயே கூடிமெல்தான் குரு என்று அச்சாகியிருந்தது. க்ளோத் கூடிமெல் பாரிஸில் தொழில் செய்தவர், பிறகு புராட்டஸ்டன்ட் பக்கம் போனவர், 1572ல் லியோன் நகரில் நடந்த படுகொலையில் இறந்தவர். அவர் ரோமில் கால் வைத்ததற்கே சான்று கிடையாது. ஒரு பெயர்க் குழப்பத்தில் ஆரம்பித்ததை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே வந்துவிட்டார்கள்.

சான்று உள்ளதைச் சொல்கிறேன். ரோமுக்குக் கிழக்கே மலைச்சரிவில் பாலஸ்த்ரீனா என்று ஒரு சின்ன ஊர். ஜியோவான்னி பியர்லூயிஜி பிறந்தது அங்கே, 1525 அல்லது 1526ல். 1527ல் பாட்டி எழுதிய உயிலில் பேரன் பெயர் இருக்கிறது. வயதைக் கணிக்க அதுவும் உதவுகிறது. அம்மா 1536ல் இறந்துபோகிறார். 1537ல் ரோமில் சாந்தா மரியா மாஜ்ஜோரே பேராலயத்தின் பாடகச் சிறுவர் பட்டியலில் பாலஸ்த்ரீனா ஊர் ஜியோவான்னி என்று ஒரு பெயர் வருகிறது. அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயது.

பாடகச் சிறுவன் என்றதும் நம் ஞாயிற்றுக்கிழமைக் கொயர்ப் பையனை நினைத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடு, துணிமணி, தங்க இடம் எல்லாம் கோயில் செலவு. பதிலுக்குப் பூசையிலும் மாலைச் செபத்திலும் பாட வேண்டும். லத்தீன் இலக்கணமும் நடக்கும். படிப்பும் வேலையும் ஒன்றே. இசையமைப்பாளர் ஆவதற்கென்று அங்கே தனி வகுப்பு எதுவும் இல்லை. கோயில் பாடகன் ஆவதற்கு வகுப்பு இருந்தது, மற்றதெல்லாம் அதற்குள்ளேயே கிடந்தது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். மீதியெல்லாம் இதன் விளக்கம்.

முதல் பாடம் உள்ளங்கையில். இடது கை கட்டைவிரல் நுனியில் அடிச்சுரம்; அங்கிருந்து விரல் மூட்டுகளில் சுற்றிச் சுற்றிப் போனால் ஒவ்வொரு மூட்டும் ஒரு சுரம். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் அரெஸ்ஸோ நகரில் பாடம் நடத்திய துறவி க்வீதோவின் பெயரால் இதை 'க்வீதோவின் கை' என்பார்கள். சுரப் பெயர்கள் ஆறுதான்: உத், ரே, மி, ஃபா, சோல், லா. ஏழாவதற்குப் பெயர் இல்லை. பாட்டு ஆறைத் தாண்டிப் போனால் நடுவிலேயே பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த ஆறுக்குள் நுழைய வேண்டும். அரைச்சுர இடைவெளி எங்கே வந்தாலும் அது மி-ஃபாதான். எந்தப் பாட்டை நீட்டினாலும் மி-ஃபா எங்கே என்று பையன் கண்டுபிடிக்க வேண்டும். இதை என் மாணவிகளிடம் விளையாட்டாகச் செய்து பார்த்திருக்கிறேன். பியானோ கட்டையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் முழித்தார்கள். வெளியே பாட்டு வகுப்புக்கும் போகிற பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தது கிரெகோரியன் பாடல்கள், ஒரே குரல் வரியில் பாடுகிற பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடல்கள். வருடம் முழுக்க எந்தத் திருநாளுக்கு எது என்பதெல்லாம் மனப்பாடமாக வேண்டும். அது ஓரளவு ஏறியதும் உண்மையான வித்தை தொடங்கும். ஒருவர் அந்தப் பழைய பாடலை நீண்ட நீண்ட சுரங்களாக இழுப்பார். இன்னொருவர் அதே நொடியில், எழுதாமல், அதன் மேல் வேறொரு குரலைக் கட்டிப் பாட வேண்டும். மூன்று, ஐந்து, ஆறு, எட்டு ஆகிய இடைவெளிகள் சேரும். ஐந்திலோ எட்டிலோ இரண்டு குரலும் கைகோத்துக்கொண்டு ஒரே திசையில் நகரக் கூடாது. உங்கள் பரீட்சையில் சிவப்பு மையில் சுழிக்கிறார்களே, அதே விதிதான். ஆனால் அந்தப் பையன்களுக்கு ரப்பர் கிடையாது. எழுதி வைப்பது ஒன்று, புத்தகத்தைப் பார்த்தபடி மேலே பாடுவது இன்னொன்று என்று டிங்க்டோரிஸ் 1477ல் எழுதிய கவுண்டர்பாயின்ட் நூலிலேயே பிரித்திருக்கிறார். அவ்வளவு பழக்கமான தொழில் அது.

சொல்லிக்கொடுத்தவர்கள் ரோபேன் மல்லாபேர், ஃபிர்மேன் லெபெல். இரண்டு பேரும் பிரெஞ்சுக்காரர்கள். இத்தாலியில் ஏன் பிரெஞ்சு வாத்தியார் என்று கேட்பீர்கள். அன்றைக்கு இத்தாலியின் பெரிய கோயில்களிலும் அரண்மனைகளிலும் மாஸ்டர் வேலையில் வடக்கே இருந்து வந்தவர்கள்தான் நிறைந்திருந்தார்கள். பிரான்சின் வடபகுதி, இப்போதைய பெல்ஜியம், இங்கெல்லாம் பேராலயப் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாகப் பையன்களைத் தயார்செய்து அனுப்பிக்கொண்டிருந்தன. பாலஸ்த்ரீனா கற்றது அந்த வடக்கத்திய வித்தை. அதை இத்தாலியக் காதால் கேட்டவர் அவர்.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்று ஐந்து படியாக இன்று நாம் படிக்கிற வரிசைக்கு ஊற்று, வியன்னாவில் யோஹான் யோசெஃப் ஃபுக்ஸ் 1725ல் வெளியிட்ட நூல். பாலஸ்த்ரீனா இறந்து 131 வருடம் கழித்து. அதில் அலோய்சியுஸ் என்று ஒரு குருவும் யோசெஃபுஸ் என்று ஒரு சீடனும் உரையாடுவார்கள். குரு பாலஸ்த்ரீனா, சீடன் ஃபுக்ஸ்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்து, பின்னால் வந்த பிள்ளை புள்ளிக்கணக்கு எழுதிக்கொண்ட மாதிரி. எழுதியது வீணில்லை. ஹைடன், பேத்தோவன் எல்லாம் அந்தப் புத்தகத்தை உழுதவர்கள்தான். நீங்களும் பரீட்சைக்கு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதிய ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் பாடுங்கள். கொடுத்த வரியை உங்கள் ஆல்டோ அக்கா பாடட்டும், நீங்கள் எழுதியதை நீங்கள் பாடுங்கள். பாட முடியாததை அடியுங்கள்.

வத்திக்கான் வேலை உண்மைதான். அதை அப்புறம் எழுதுகிறேன், சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.


மயிலை வயலின் எழுதியது:

டீச்சர் சொன்னதில் எழுதாமல் மேலே கட்டிப் பாடுவது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நான் கர்நாடக வயலின், மயிலாப்பூர். எங்களுக்கு இது நெரவல் மாதிரி கேட்கிறது. கீர்த்தனையில் ஒரு வரி நிலையாக இருக்கும், அதே தாளத்துக்குள் அந்த வரியை அந்த இடத்திலேயே விரித்துக்கொண்டே போகிறோம். அதற்கும் குறுக்கு வழி கிடையாது. வர்ணமும் கீர்த்தனையும் நூற்றுக்கணக்கில் விரலில் ஏறிய பிறகுதான் கை தானாகப் போகும். அடிப்படையில் இரண்டும் ஒரே பயிற்சி என்று எனக்குப் படுகிறது.

சுரப் பெயரை நடுவில் மாற்றுவதைப் படித்ததும் கிரக பேதம் (ஸட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றி இன்னொரு ராகம் தோன்றச் செய்வது) ஞாபகம் வந்தது. ஆனால் நாங்கள் அதைக் கச்சேரியில் வித்தை காட்டத்தான் செய்வோம். அவர்கள் ஒவ்வொரு பாட்டிலும் சாதாரணமாகச் செய்திருக்கிறார்கள் என்பது ஆச்சரியம்.

வத்திக்கான் வேலை பற்றி நான் படித்ததைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் திருத்தலாம். 1544 அக்டோபரில் சொந்த ஊருக்கே திரும்பி, அங்கிருந்த சான் அகாபீத்தோ பேராலயத்தில் வேலைக்குச் சேர்கிறார். ஒப்பந்தம் இருக்கிறது. திருநாட்களில் ஆர்கன் வாசிக்க வேண்டும், தினமும் பாட வேண்டும், கோயில் குருக்களுக்கும் பையன்களுக்கும் பாட்டு கற்றுத்தர வேண்டும். ஆக ஊர்ப் பாட்டு வாத்தியார். அந்த ஊர் ஆயர் ஜியோவான்னி மரியா தெல் மோந்தே. 1550ல் அந்த ஆயர் போப் ஆகிறார், மூன்றாம் ஜூலியஸ் என்று பெயர். 1551ல் நம் வாத்தியார் புனித பேதுரு பேராலயத்தின் ஜூலியா பாடகர் குழுவுக்கு மாஸ்டர் ஆகிறார்.

நான் பச்சையாகக் கேட்கிறேன். இது சிபாரிசுதானே? மார்கழி சீசனில் யாருக்கு எந்த மணிக்கு ஸ்லாட் கிடைக்கிறது என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒன்றும் அதிசயமாகத் தெரியவில்லை. வாத்தியார் ஊர் ஆயர் போப் ஆகாமல் இருந்திருந்தால் இந்தப் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.


பெரம்பூர் டெனர் எழுதியது:

டீச்சர், மிக்க நன்றி. எழுதியதை ஆல்டோ அக்காவோடு பாடிப் பார்த்தேன். என் மூன்றாவது பயிற்சியில் ஓர் இடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதை அடித்துவிட்டேன்.

வயலின் சார் கேட்டதையே நானும் கேட்க நினைத்தேன். கூடவே இன்னொன்று: அவர் கல்யாணம் ஆனவர் என்று படித்தேன். போப்பின் பாடகர் குழுவில் கல்யாணம் ஆனவர் எப்படி? பாடல் எழுதும்போது ஆர்கனை வைத்துக்கொண்டு எழுதுவாரா, வெறும் தாளிலா?


ராயப்பேட்டை பாஸ் எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், பாலஸ்த்ரீனாவை மட்டும் பார்த்தால் எல்லோரும் இப்படித்தான் உள்ளூரில் வளர்ந்தார்கள் என்று தோன்றும். அதே வயதுக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒர்லாந்தோ டி லாஸோ. என் கட்சி இவர்தான், முன்பே சொல்லிவிடுகிறேன்.

இப்போதைய பெல்ஜியத்தில் மோன்ஸ் என்ற ஊரில் 1530 அல்லது 1532ல் பிறந்தவர். அங்கே கோயில் பாடகச் சிறுவன். குரல் அவ்வளவு இனிமையாம், மூன்று தடவை ஆள் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அவர் உயிரோடு இருந்தபோதே வந்த வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். மூன்று தடவை என்பது கொஞ்சம் மசாலாவாக இருக்கலாம். ஆனால் நல்ல குரல் உள்ள பையனைக் கொத்திக்கொண்டு போக அரண்மனைகள் அலைந்தது நிஜம். கடைசியில் பன்னிரண்டு வயதையொட்டி, சிசிலியின் வைஸ்ராயாக இருந்த ஃபெர்ராந்தே கொன்சாகாவின் பரிவாரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். மாந்துவா, பலெர்மோ, மிலான் என்று தளபதியின் பின்னால் ஊர் ஊராகப் போகிறார். குரல் உடைந்த பிறகு நேப்பிள்ஸ், அப்புறம் ரோம். இத்தாலியத் தெருப்பாட்டு, நாட்டுப்பாட்டு, நகைச்சுவைப் பாட்டு எல்லாம் இந்த வழியில்தான் அவர் காதில் விழுந்தன. பின்னாளில் லத்தீன், இத்தாலியன், பிரெஞ்சு, ஜெர்மன் என்று நான்கு மொழியிலும் எழுதினாரே, அதற்குப் பள்ளிக்கூடம் அந்தப் பயணம்தான்.

வேடிக்கையைக் கேளுங்கள். 1553ல் ரோமில் லாத்தரன் புனித யோவான் பேராலயத்துக்கு மாஸ்டர் ஆகிறார். இருபதை ஒட்டிய வயது. போப் சிபாரிசு எதுவும் இல்லை, வயலின் சார். மறு வருடமே பெற்றோர் உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் புறப்படுகிறார். போய்ச் சேர்வதற்குள் இருவரும் இறந்துவிட்டார்கள். 1555ல் ஆன்ட்வெர்ப்பில் சூசாட்டோ அச்சகத்தில் முதல் தொகுப்பு, 1556ல் மூனிக் அரண்மனையில் வெறும் டெனர் பாடகராக வேலை. பெரம்பூர்த் தம்பி கவனிக்க, டெனர்! அங்கேயே மாஸ்டராக உயர்ந்து, 1594ல் இறக்கும் வரை அதே இடம். பாலஸ்த்ரீனா இறந்ததும் அதே வருடம்.

லாத்தரனில் லாஸோ விட்டுப்போன அந்த மாஸ்டர் நாற்காலியில் 1555ல் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? பாலஸ்த்ரீனாதான். ஏன் அங்கே வர வேண்டியிருந்தது என்பதை டீச்சர் சொல்லட்டும், அது கொஞ்சம் சோகக் கதை.


வேப்பேரி டீச்சர் எழுதியது:

சோகம் இருக்கட்டும், முதலில் மயிலைத் தம்பிக்குப் பதில்.

சிபாரிசு இருந்தது. மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலை எதற்கு உண்டானது என்று பார்க்க வேண்டும். போப்பின் சொந்தப் பாடகர் குழு ஒன்று, சிஸ்டைன் சிற்றாலயத்தில் பாடுவது. அதில் பிரெஞ்சுக்காரரும் ஃபிளெமிஷ்காரரும் ஸ்பானியரும்தான் அதிகம். அதற்கு வேண்டிய பாடகர்களை ரோமிலேயே வளர்த்தெடுக்கலாம் என்று 1513ல் இரண்டாம் ஜூலியஸ் ஏற்பாடு செய்ததுதான் புனித பேதுரு பேராலயத்தின் ஜூலியா குழு. அங்கே மாஸ்டர் என்றால் பையன்களுக்குப் பாடம் சொல்கிறவர். ஏழு வருடம் சொந்த ஊரில் தினமும் பாடி, பையன்களை மேய்த்த இத்தாலியர் ஒருவர் கிடைத்தால் அவரைக் கூப்பிடுவது அநியாயமா? அவருக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் மல்லாபேர். ஆமாம், அவருடைய பழைய வாத்தியாரேதான். குருவின் இடத்துக்கு சிஷ்யன்.

சிபாரிசில் வந்தவர் மூன்று வருடத்தில் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். 1554ல் ரோமின் தோரிக்கோ சகோதரர்களிடம் பூசைப் பாடல்களின் முதல் தொகுப்பை அச்சிட்டார். ஒரு இத்தாலியர் பூசை இசையை மட்டும் தனி நூலாகக் கொண்டுவருவது அன்றைக்கு அபூர்வம். ஐந்து பூசைகளுக்கான இசை. அதைப் பிரித்துப் பார்த்தால் அவர் படித்த பாடத்திட்டமே தெரியும். 'கப்ரியேல் ஆர்க்காஞ்செலுஸ்' வெர்தெலோவின் பாடலை எடுத்துக்கொண்டு அதையே பிரித்து, மாற்றி, நீட்டிக் கட்டியது. 'ஓ ரேஜெம் செலி' ஆந்திரேயாஸ் தெ சில்வாவின் பாடல் மேல் கட்டியது. 'ஆத் செனாம் ஆக்னி' ஐந்து குரலில், உள்ளே கேனன் (ஒரு குரலை இன்னொரு குரல் அப்படியே பின்தொடர்வது) ஓடுகிறது. தனக்கு முந்திய தலைமுறையின் பாடலைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் இன்னும் என்ன செய்யலாம் என்று பார்ப்பதுதான் அன்றைய மேல்படிப்பு. இன்று யாராவது அப்படிச் செய்தால் காப்பி என்று கத்துவார்கள்.

முகஸ்துதியும் இருக்கிறது, சொல்லிவிட வேண்டும். முதல் பூசையின் பெயர் 'எக்கே சாசெர்தோஸ் மாக்னுஸ்', இதோ மாபெரும் குரு. மற்றவர்கள் பூசை வார்த்தைகளைப் பாட, ஒரு குரல் அந்தப் பழைய பாடலை அதன் சொந்த வார்த்தைகளோடே பாடிக்கொண்டிருக்கும். யாரைப் பார்த்து மாபெரும் குரு என்கிறார்கள் என்று கேட்டவருக்குப் புரிந்திருக்கும். நூலின் முகப்பில் இசையமைப்பாளர் மண்டியிட்டு போப்பிடம் புத்தகத்தைக் கொடுக்கிற படம். அதுவும் புதுப்படம் இல்லை. 1544ல் ஸ்பானியர் மொராலெஸின் நூலுக்குச் செய்த மர அச்சைத் திருத்தி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். அச்சகத்துக்காரர்கள் எந்தக் காலத்திலும் ஒன்றுதான்.

1555 ஜனவரியில் போப் அவரைத் தன் சொந்தக் குழுவிலேயே பாடகராகச் சேர்க்கிறார். வழக்கமான பரீட்சை கிடையாது, மற்ற பாடகர்களின் சம்மதமும் கேட்கவில்லை. மயிலைத் தம்பி, உங்கள் வாதத்துக்கு இந்த இடத்தைப் பிடித்திருந்தால் நான் வாயடைத்திருப்பேன். கல்யாணம் ஆனவரை அங்கே சேர்க்கக் கூடாது. இவர் 1547 ஜூனிலேயே ஊரில் லுக்ரேசியா கோரியைக் கட்டிக்கொண்டவர். போப் கண்ணை மூடிக்கொண்டார், சேர்ந்தார். மார்ச்சில் போப் இறந்தார். அடுத்து வந்த இரண்டாம் மார்செல்லுஸ் மூன்று வாரம்தான் இருந்தார். அதற்கடுத்த நான்காம் பவுல் கறார் பேர்வழி. செப்டம்பரில், கல்யாணமான பாடகர்கள் மூன்று பேரையும் ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டார். ஜூலியா குழு வேலையை ஏற்கெனவே விட்டாயிற்று. அப்படித்தான் அக்டோபரில் லாத்தரன்.

கெட்டிக்காரர் என்பதால் பிழைத்துக்கொண்டார். 1561ல் எந்தப் பேராலயத்தில் பையனாகப் பாடினாரோ அந்த சாந்தா மரியா மாஜ்ஜோரேவுக்கே மாஸ்டராகப் போனார். 1571ல் மறுபடி ஜூலியா குழு, கடைசி வரை. அந்த மூன்று வார போப்பின் பெயரில் இருக்கிற பூசைதான் இன்றைக்கு அவருடைய மிகப் பிரபலமான பூசை, 1567ல் அச்சானது. அது பல குரல் இசையையே தடையிலிருந்து காப்பாற்றியது என்று ஒரு கதை சொல்வார்கள். காய்கறிக் கதைக்குப் பக்கத்தில் அதையும் வையுங்கள்.

நெரவல் விஷயத்தில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். பயிற்சி ஒரே ஜாதி, சரி. ஆனால் நெரவலில் நீங்கள் விரிக்கிற குரல் ராகத்துக்குப் பதில் சொன்னால் போதும். இங்கே ஒவ்வொரு சுரமும் அதே நொடியில் கீழே ஒலிக்கிற இன்னொரு ஆளின் சுரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கவலை உங்களுக்குக் கிடையாது. உங்கள் கமகம் எங்களுக்குக் கிடையாது.


மயிலை வயலின் எழுதியது:

வேறொரு ஆளுக்குப் பதில் சொல்கிற கவலை பக்கவாத்தியக்காரனுக்கு உண்டு டீச்சர். பாடகர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாமல் பின்னாலேயே வில்லை ஓட்டுகிறவன் நான். ஆனால் நான் ஒரு நொடி பிந்தி அதையே வாசிக்கலாம், எதிர்க்குரல் கட்ட வேண்டியதில்லை. அந்த வித்தியாசம் பெரியதுதான். பூசைத் தொகுப்பைப் பற்றி நீங்கள் சொன்ன பிறகு சிபாரிசு என்ற சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.


வேப்பேரி டீச்சர் எழுதியது:

எடுத்துக்கொள்ளவே வேண்டாம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்த் தம்பியின் கடைசிக் கேள்வி விட்டுப்போயிற்று. ஆர்கனா, தாளா என்று. மாந்துவா பிரபு குலியெல்மோ கொன்சாகாவோடு அவர் வைத்திருந்த தொடர்பில் இரண்டு தகவல் கிடைக்கிறது. பிரபுவுக்கும் இசையமைக்கிற ஆசை உண்டு. தான் எழுதியதை அனுப்பிக் கருத்துக் கேட்பார். 1570ல் பாலஸ்த்ரீனா எழுதிய பதிலில், பாடலை நன்றாக ஆராய்வதற்காக எல்லாக் குரல்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்ததாகச் சொல்கிறார். அதாவது அது அன்றாட வழக்கம் இல்லை. அப்போது பாடகர்கள் கையில் ஸ்கோர் கிடையாது; ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம், அல்லது பெரிய புத்தகத்தில் நாலு குரலும் பக்கத்தின் நாலு பகுதியில் தனித்தனியாக. 1578ல் அவர் பூசையின் சில பகுதிகளை லூட் என்ற தந்தி வாத்தியத்தில் வைத்துப் பார்த்தார் என்று பிரபுவின் ஆள் எழுதியிருக்கிறார். ஆக ஆர்கன்காரராக வாழ்க்கையை ஆரம்பித்தவர் லூட்டையும் கையில் எடுத்திருக்கிறார்.

உங்கள் கொயருக்கு ஒரு யோசனை. மாஸ்டர் தந்த ஜெராக்ஸில் நாலு குரலும் அடுக்கி இருக்கும். ஒரு ஒத்திகைக்கு மட்டும் அதை வாங்கி வைத்துவிட்டு, உங்கள் டெனர் வரியைத் தனியாக ஒரு தாளில் கையால் எழுதிக்கொள்ளுங்கள், தாளக்கோடு போடாமல். எல்லோரும் அப்படியே எழுதி வரட்டும். பிறகு சுற்றி நின்று பாடுங்கள். ஆல்டோ எங்கே நுழைகிறது என்று கண்ணால் தேட முடியாது, கேட்டே ஆக வேண்டும். இரண்டு தடவை விழுவீர்கள். பாஸ்காரர்கள், அதாவது அடிக்குரல் பாடுகிறவர்கள், கடைசியாக நுழைகிறவர்கள், அவர்கள்தான் அதிகம் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ராயப்பேட்டைத் தம்பிக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.


ராயப்பேட்டை பாஸ் எழுதியது:

தெரியும் டீச்சர். எண்ணிக்கொண்டே இருந்து, நுழைய வேண்டிய இடத்தில் எண்ணிக்கொண்டே இருந்துவிடுவோம். பெரம்பூர்த் தம்பி, உங்கள் பாஸ்காரர்களிடம் சொல்லுங்கள், எண்ண வேண்டாம். மேலே சொப்ரானோ நுழைந்ததும் அந்த வரியை மனசுக்குள் கூடவே பாடிக்கொண்டு வந்தால் நம் இடம் தானாக வரும்.